அம்மாவால் என்னவெல்லாம் முடியும்

அம்மாவுக்கு இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. அந்தக் காலில் காலிப்பர் என்கிற தாங்குசட்டம், வலது கையில் ஊன்றுகோல். அறுபத்தொரு வருடமாக அம்மாவைத் தாங்கியது வலது காலும் வலது கையும்தான். பக்கவாதம் வந்தது அந்த வலது பக்கத்தில்.

காலை ஆறரை மணி. காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. "என்னம்மா?" என்றால் வாய் கோணிக்கொண்டு போகிறது, பேச்சு வரவில்லை. 108க்கு அடித்தோம். முதலில் போன மருத்துவமனையில் சிடி ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்து, அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை உடனே போட்டார்கள். நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி அது. அதுவரை சரி.

அப்புறம் அங்கிருந்த டாக்டர் சொன்னார்: "பெரிய ரத்தக்குழாய் அடைச்ச மாதிரி இருக்கு. இதுக்குக் கட்டியை வெளியே எடுக்கிற சிகிச்சை இருக்கு. ஆனா அம்மா ஏற்கெனவே நடக்க முடியாதவங்கதானே, பெரிசா பலன் இருக்காது." கேஸ் ஷீட்டில் 'இரண்டு காலும் அசையவில்லை' என்று எழுதியிருந்தது. ஒரு கால் பழசு, ஒரு கால் இன்றைக்குப் போனது என்று அதில் எங்கேயும் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. அம்மாவை மதுரையில் இன்னொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே நரம்பியல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "நேத்து வரைக்கும் அம்மா தானா என்னென்ன செஞ்சாங்க?" எனக்கு வார்த்தை வரவில்லை. போனை எடுத்துப் பொங்கலன்று எடுத்த வீடியோவைக் காட்டினேன். அம்மா மணையில் உட்கார்ந்து கோலம் போட்டுவிட்டு, ஊன்றுகோலை ஊன்றித் தானே எழுந்து உள்ளே போகிறார். டாக்டர் அதை இரண்டு முறை பார்த்தார்.

ரத்தக்குழாய்களைக் காட்டும் ஆஞ்சியோ சிடியில், உடம்பின் வலது பக்கத்தை இயக்கும் இடது மூளைக்குப் போகும் நடு ரத்தக்குழாய் முழுக்க அடைத்திருந்தது. கையெழுத்து வாங்கும்போதே டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஒருவர் தன் வேலையைத் தானே எவ்வளவு பார்த்துக்கொள்கிறார் என்பதற்கு ராங்கின் அளவுகோல் என்று ஒன்று உண்டு, 0 முதல் 6 வரை. 0 என்றால் எந்தக் குறையும் இல்லை, 6 என்றால் மரணம். 2015ல் இந்தச் சிகிச்சையை நிலைநிறுத்திய ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் பக்கவாதத்துக்கு முன் 0, 1 வாங்கியவர்கள். அம்மா மாதிரி ஆட்களை அதிகம் சேர்க்கவில்லை. "அதனால ஆதாரம் குறைவு. ஆனா பலிக்காதுன்னு அதுக்கு அர்த்தமில்லை. நேத்து இருந்த நிலைக்குத் திரும்பினாலே அம்மாவுக்கு அது முழு வெற்றி. ரத்தக்கசிவு ஆகிற ஆபத்தும் இருக்கு." போட்டேன் கையெழுத்து.

வலது தொடையின் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை மூளை வரை ஏற்றி, வலைபோல விரியும் ஸ்டென்ட்டில் கட்டியைச் சிக்கவைத்து இழுத்தார்கள். முக்கால் மணி நேரம். வெளியே வந்து காஸ் துணியில் வைத்துக் காட்டினார்கள். கருஞ்சிவப்பாக, ஒரு சோற்றுப் பருக்கை அளவுதான் இருந்தது. இதயத்துடிப்பு ஒழுங்கில்லாததால் அங்கே உறைந்து வந்த கட்டி என்று பிறகு ஈசிஜியில் தெரிந்தது. அதற்கு இப்போது ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை.

மூன்றாம் நாள் பிசியோதெரபிக்கு வந்தவர் காலிப்பர் இல்லாமல் அம்மாவை நிற்கவைத்துப் பார்த்துவிட்டு 'நிற்க இயலவில்லை' என்று எழுதிப்போனார். பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்க் காலிப்பரை எடுத்துவந்தேன். மறுநாள் அதை மாட்டியதும் இரண்டு பேர் பிடிக்க அம்மா நின்றார். கொண்டுவரச் சொல்லி யாருமே சொல்லவில்லை. இப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் முதல் நாளே கையோடு எடுத்துப் போங்கள்.

மூன்று மாதம் ஆகிவிட்டது. சில பெயர்கள் இன்னும் நாக்கில் வர மறுக்கின்றன, ஊசியில் நூல் கோக்க வரவில்லை. ஆனால் காலிப்பர் வாரை வலது கையால் தானே இறுக்கிக்கொண்டு வாசல் வரை நடக்கிறார்.

மாற்றுத்திறனாளி அட்டையோடு பர்ஸில் வைக்க ஒரு தாள் எழுதினேன்: இடது கால் போலியோ, பழசு. காலிப்பரோடு நடப்பார். தானே குளிப்பார், சமைப்பார். படித்துக் காட்டியதும் அம்மா கையை நீட்டித் தடுத்தார். "பஸ்ல... தனியா... போவேன். அதையும் எழுது."