பதினெட்டுக்கு முன்னால்

ஜூலை 9, 2024
இந்த வருடம் வழக்கமான ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கவில்லை. ஆற்றில் வெறும் மணல். அம்மா இன்றும் கேட்டாள்: "பதினெட்டுக்குத் தண்ணி வந்துடுமாடா?" வராவிட்டாலும் ஆடிப்பெருக்கைத் தெருவில் கொண்டாடலாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கொரு கலந்த சாதம். அவளால் படித்துறைக்கு வர முடியாது, திண்ணை வரை வரலாம்.

ஜூலை 15
தெருவை அடைக்க உள்ளாட்சி ஆபீஸில் மனு கொடுத்தேன். போலீஸ் ஸ்டேஷனில் தடையில்லை என்று கடிதம் வேண்டுமாம். ஸ்டேஷனுக்குப் போனால், அங்கே முதலில் ஆபீஸ் ஒப்புதல் வாங்கி வரச் சொல்கிறார்கள். நாலு முறை சைக்கிள் மிதித்தேன். கோபத்தில் சாப்பிடவில்லை.

ஜூலை 16
அம்மாவுக்கு இரவெல்லாம் இருமல்.

ஜூலை 19
தெருவின் வரைபடம் கேட்டார்கள். வண்டிகள் எந்தச் சந்தில் திரும்பும், ஆம்புலன்ஸ் எப்படி நுழையும்? முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் மார்ச் மாதம் ஞாபகம் வந்தது. அன்று அம்மாவை ஏற்ற வந்த வண்டி முனையிலேயே நிற்க, பைக்குகளை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். அவர்கள் கேட்டது நியாயம்தான். நடுவில் ஒரு வண்டி போகும் அகலத்தைச் சிவப்புப் பேனாவில் குறித்தேன். அங்கே நாற்காலி கூடாது, அடுப்பும் கூடாது. பந்தலுக்குக் குழி வெட்டக் கூடாது, மணல் நிரப்பிய டிரம்மில் கால் நடலாம். கூம்பு ஸ்பீக்கருக்கு அனுமதி இல்லை, பாக்ஸ் போதும். இரவு 10-க்கு மேல் சட்டப்படி முடியாது. நான் 9 என்றே எழுதிவிட்டேன், அம்மா தூங்க வேண்டுமே.

ஜூலை 23
எதிர்வீட்டுப் பெரியவர் கையெழுத்துப் போடவில்லை. கார் எடுக்க முடியாதாம்.

ஜூலை 28
மேட்டூர் திறந்துவிட்டார்கள்! ஞாயிறு, ஆபீஸ் கிடையாது.

ஜூலை 30
அணை 120 அடி. அம்மாவிடம் சொன்னேன். கண்ணை மூடியபடியே சிரித்தாள். மனு இன்னும் மேசையில்தான்.

ஆகஸ்ட் 1
நேற்று கல்லணை திறந்தாச்சு. இப்போது ஸ்டேஷனில் வேறு கவலை: போலீஸ் எல்லாம் படித்துறை காவலுக்குப் போய்விடும், தெருவுக்கு ஆள் இல்லை. எங்களுக்குப் போலீஸ் வேண்டாம் சார், இரண்டு முனையிலும் கயிறு கட்டி எங்கள் பையன்களே நிற்பார்கள் என்று கெஞ்சினேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். அங்கேயே நின்று எழுதினேன்.

ஆகஸ்ட் 2
கிடைத்தது. மாலை 4 முதல் 9 வரை. பெரியவர் தானாகவே காரை அடுத்த தெருவில் விட்டுவிட்டார். அம்மா இரண்டு வாய் கஞ்சி குடித்தாள்.

ஆகஸ்ட் 3, காலை
மஞ்சள் புடவையை எடுத்து வைக்கச் சொல்கிறாள். தண்ணீர் முதல் படியைத் தொட்டுவிட்டதாம். ஒரு சொம்பு மொண்டு வர ஓடுகிறேன், கயிறு வந்து கட்டிக்கொள்ளலாம்.