அப்பா அடித்து வைத்தது அழியவில்லை

2004-ல் குடியாத்தத்தில் ஒரு டிடிபி கடையில் அப்பா அடித்து வாங்கிய குடும்ப வரலாறு, பழைய சிடி ஒன்றில் வேர்டு கோப்பாகக் கிடைத்தது. போனில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகள், நடுவே வரிசையாக அரைப்புள்ளிகள். சித்தி அழுதேவிட்டார்.

கோப்பு கெடவில்லை. அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது; ஆங்கில எழுத்துகளைத் தமிழ் வடிவங்களாகக் காட்டும் எழுத்துரு அது. மெய்யெழுத்தின் புள்ளிக்கு அதில் அரைப்புள்ளிதான் சாவி. அந்த எழுத்துரு போனில் இல்லை, அவ்வளவுதான். கணினியில் பாமினியை நிறுவி, இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸில் திறந்தேன். முதல் வரியிலேயே தாத்தா லுங்கித் தறி போட்ட கதை!

அப்புறம், தனி எழுத்துரு நிறுவாமலே போனில் தமிழாகத் தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றிச் சேமித்தேன். இப்போது சித்தி போனிலேயே படிக்கிறார். உங்கள் வீட்டிலும் இப்படிக் கோப்பு இருந்தால் தயவுசெய்து அழிக்காதீர்கள். அனுப்புங்கள், மாற்றித் தருகிறேன்.