கன்வர்டரில் எழுதாத எண்

போன வருடம் மூலக்கடையில் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் லான்சர் கார் வாங்கினேன். 1.8 பெட்ரோல், திருவள்ளூர் தொழிற்சாலையில் செய்த வண்டி. "டார்க் கன்வர்டர் மாத்தியிருக்கு சார், கம்பெனி ஐட்டம் இல்ல, வெளில பண்ணது" என்றார் விற்றவர். இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம் அது. அதன் ஸ்டால் எண் எவ்வளவு என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை, பில்லும் இல்லை.

எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தபோதுதான் தொல்லை புரிந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் இரைகிறது. வண்டி நகர நேரமெடுக்கிறது. பெட்ரோலும் ஏகத்துக்குக் குடித்தது.

சக்கரம் நகராமல் பிடித்துக்கொண்டு முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் இன்ஜின் எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) போய் நிற்கிறதோ, அதுதான் ஸ்டால். சாதாரண பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 2000 முதல் 2500 வரை இருக்கும். ரேஸுக்காக மாற்றியவை 3000த்தைத் தாண்டும். எண் கூடினால், இன்ஜின் அதிகம் இரைந்த பிறகுதான் வண்டி இழுக்கும். எனக்கு வந்த சந்தேகம் வேறு: இது கன்வர்டரின் குணமா, இல்லை கியர்பாக்ஸில் கிளட்ச் தேய்ந்து வழுக்குகிறதா? இரண்டுக்கும் அறிகுறி கிட்டத்தட்ட ஒன்றுதான், செலவுதான் வேறு.

வியாசர்பாடியில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். இன்ஜின் ஓடும்போதே கியர்பாக்ஸ் ஆயில் டிப் ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தார். சிவப்பாக, சுத்தமாக ஒரு கோடு. மோந்து பார்த்தார், கருகிய வாடை இல்லை. "கிளட்ச் எரிஞ்சிருந்தா இந்தத் துணி கறுத்திருக்கும் தம்பி" என்றார். அப்போதே எனக்குப் பாதி உயிர் வந்தது.

ஞாயிறு காலை, மாதவரத்தில் ஆளில்லாத ஒரு லாரி ஷெட் வாசல். பத்து கிலோமீட்டர் ஓட்டி ஆயிலைச் சூடாக்கிவிட்டுத்தான் வந்தோம். நான்கு சக்கரத்துக்கும் கட்டை, கைபிரேக், இடது காலில் முழு பிரேக். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் ஒருவரையும் நிற்க விடவில்லை. 'டி'யில் போட்டு முழுசாக மிதித்தேன். ஆர்பிஎம் முள் சரசரவென ஏறி 3100இல் சுவரில் முட்டியதுபோல் நின்றது. அண்ணன் ஐந்து எண்ணுவதற்குள் காலை எடுத்துவிட்டேன். அந்த நேரத்தில் இன்ஜினின் சக்தி முழுக்க ஆயிலில் சூடாகத்தான் இறங்குகிறது, அதற்குமேல் பிடித்தால் கியர்பாக்ஸே போய்விடும். நியூட்ரலில் இரண்டு நிமிடம் ஆறவிட்டு ரிவர்ஸில் பார்த்தோம். அதிலும் 3100.

இதுதான் எனக்கு வேண்டிய விடை. முன்னால் போகவும் பின்னால் போகவும் வேறு வேறு கிளட்ச் பிடிக்கிறது. ஒன்று வழுக்கினால் ஒரு பக்கம் மட்டும் எண் ஏறும். முள்ளும் ஓரிடத்தில் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். ஆயில் அளவும் சரி, 80 கிலோமீட்டர் வேகத்தில் லாக்கப் (கன்வர்டர் வழுக்காமல் நேராகப் பூட்டிக்கொள்வது) விழுந்தபின் ஆர்பிஎம் ஆடவும் இல்லை. ஆக, கன்வர்டர்தான்.

ஆக்சிலேட்டருக்குக் கேபிள் உள்ள வண்டி என்பதால் இந்தச் சோதனை நடந்தது. எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள பல புது வண்டிகளில் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதித்தால் கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்துவிடும், வரும் எண்ணை நம்ப முடியாது.

கியர்பாக்ஸை இறக்கியபோது கன்வர்டர் விளிம்பில் வெட்டி மறுபடி வைத்த வெல்டிங் தெரிந்தது. பக்கத்தில் பொறித்த நாலு எழுத்து, செய்த பட்டறைக்கு மட்டுமே புரியும் குறி. ஸ்டால் எண் எங்கேயும் இல்லை. எழுதியிருந்தாலும் அப்படியே நம்பியிருக்க முடியாது. இதே கன்வர்டரை டார்க் (சுழற்றும் விசை) குறைந்த சின்ன இன்ஜினில் மாட்டினால் 3100 வராது, குறையும்.

புதுப்பேட்டையில் அலைந்து ஒரிஜினல் கன்வர்டர் ஒன்று பிடித்து மாட்டினோம். அதே ஷெட் வாசலில் அதே சோதனை: 2300.

பழையதை எடைக்குப் போட மனம் வரவில்லை. வேகம் பழகுகிற யாருக்காவது உதவும். அதன் மேல் வெள்ளை பெயிண்டில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்: '3100 – 1.8 பெட்ரோல்'.