மகளை எங்கே சேர்ப்பது: மண்டபம் முகாமிலிருந்து

2022 மே மாதம் இலங்கையின் தலைமன்னாரில் படகேறி, தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அப்பால் ஒரு மணல் திட்டில் இறங்கியபோது மகளுக்கு மூன்று வயது. பால்மாவுக்கு வரிசையில் நின்று நின்று அலுத்துப்போய்த்தான் வந்தோம். மண்டபம் அகதிகள் முகாமில் வீடு, தண்ணீர் பிடிக்கிற நேரம், கடை, மருந்து எல்லாம் பழகவே ஒரு வருடம் ஓடிவிட்டது. அதற்குள் பிள்ளைக்கு நான்கு வயது.

எங்கள் ஊரில் இதற்கெல்லாம் யோசிக்கவே வேண்டியதில்லை. பக்கத்து முன்பள்ளிக்கு அனுப்புவோம். ஐந்து வயது முடிந்தால் ஜனவரியில் ஆண்டு ஒன்று. தமிழில்தான் படிப்பு. 1945இலிருந்து அங்கே இலவசக் கல்வி. என் அம்மாவும் நானும் அப்படிப் படித்தவர்கள்தான். இங்கே பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கிறது, ஆனால் எல்.கே.ஜி.க்கு ஏப்ரலிலேயே ஆள் சேர்க்கிறார்கள். மெட்ரிக், சி.பி.எஸ்.இ., நர்சரி பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, அங்கன்வாடி என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லச் சொல்ல எனக்குத் தலை சுற்றியது. மெட்ரிக் என்றால் பாடமே வேறு என்று நினைத்திருந்தேன். சமச்சீர்க் கல்வி வந்தபிறகு அரசுப் பள்ளிக்கும் மெட்ரிக்குக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான் என்று அவர்தான் விளக்கினார்.

லண்டனில் இருக்கும் என் அக்கா போனில் ஒரே பிடியாக நின்றார். "காசு நான் அனுப்புறன். நீ இங்கிலீஷ் மீடியத்தில போடு." அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நாளைக்கு எந்த நாட்டில் இருப்போம் என்று தெரியாதவர்களுக்கு ஆங்கிலம் பெரிய துணை. தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு என்று சட்டம் இருப்பதையும் கேள்விப்பட்டோம். ஆனால் அதற்கு வருமானச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் வேண்டும். எங்கள் கையில் இருந்தது பாலிதீன் பையில் சுற்றிக் கொண்டுவந்த பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். உதவி பெறும் பள்ளி நல்ல பள்ளி, ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்துதான் என்றார்கள்.

அதனால் அக்காவின் காசை நம்பி ஒரு நர்சரி பள்ளிக்குப் போனோம். சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் உட்காரட்டும் என்றார்கள். சுவரில் படங்கள், சின்னச் சின்ன நாற்காலிகள், சுத்தமான வகுப்பு. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. மதியம் கூப்பிடப் போனபோது மகள் உதடு காய்ந்து நின்றாள். தண்ணீர்ப் போத்தல் வாசல் அலமாரியில் நிறைய நிறைய அப்படியே இருந்தது. "ரீச்சரிட்ட விடாய்க்குது எண்டு சொன்னனான் அம்மா, அவ சிரிச்சவ" என்றாள். டீச்சர் கெட்டவர் இல்லை. அந்தச் சொல் அவருக்குத் தெரியவில்லை. வகுப்பில் ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும் என்பதும் ஒரு பழக்கம் அங்கே. நான்கு வயதுப் பிள்ளைக்குத் தமிழிலேயே ஒரு வேலி இருக்கும்போது, அதற்கு மேல் இன்னொரு வேலியா என்று அன்று இரவு முழுக்க எனக்கு மனசு கேட்கவில்லை.

அடுத்த வாரம் அங்கன்வாடிக்குக் கூட்டிப்போனேன். டீச்சர் முதலில் அவளைத் தூக்கித் தராசில் நிறுத்தி எடை பார்த்து அட்டையில் குறித்தார். வயதுக்குக் குறைவுதான். மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு "விடாய்க்குது" என்று முனகினாள். அடுப்படியிலிருந்து ஆயா எட்டிப் பார்த்தார். "தாகமா தாயி? எங்க அப்பத்தாவும் இப்படித்தான் சொல்லும்" என்று எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். அவருடைய அப்பத்தா இலங்கைத் தோட்டத்தில் வேலை பார்த்துத் திரும்பியவராம். வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டத்துக்குப் போகிறவர்களைத் தங்கவைத்துச் சோதித்து அனுப்பிய இடம்தான் இந்த மண்டபம் முகாம். அந்த அம்மா போன வழியாகத்தான் நாங்கள் வந்திருக்கிறோம். அங்கேயே சேர்த்துவிட்டேன்.

அங்கன்வாடியில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு வயதுப் பிள்ளையும் நான்கு வயதுப் பிள்ளையும் ஒரே பாயில். போலியோ சொட்டு மருந்து, கணக்கெடுப்பு என்று டீச்சர் வெளியே போகிற நாட்களில் பாட்டு, கதை ஒன்றும் நடக்காது. ஏ, பி, சி, டி நான்தான் வீட்டில் கொப்பியில் எழுதிக் காட்டினேன். ஆனால் வாரத்தில் மூன்று முட்டை, சத்துமாவு உருண்டை, மதியம் சாதம், அப்புறம் ஒரு தூக்கம். ஆறு மாதத்தில் அட்டையில் கோடு மேலே ஏறியது. அதைவிட, வாய் திறந்து பேசத் தொடங்கினாள். ஆயாவிடம் "ரப்பர்" என்பாள், என்னிடம் "அழிரப்பர்" என்பாள். யாரும் அவளைத் திருத்தவில்லை. முகாமில் புதிதாக வருகிறவர்கள் கேட்டால் நான் இதைத்தான் சொல்கிறேன்: கட்டடத்தையும் கட்டணத்தையும் பிறகு பாருங்கள், பிள்ளை தண்ணீர் கேட்டால் அங்கே யாருக்குப் புரியும் என்று முதலில் பாருங்கள்.

லண்டன் அக்காவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அவர் அனுப்பிய காசில் ஆங்கிலப் படக்கதைகள் வாங்கி வைத்திருக்கிறேன்.

2024 ஜூனில் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. காலையில் அங்கேயே சாப்பாடு. பொங்கல் போடுகிற நாளில் சீக்கிரமே கிளம்பிவிடுகிறாள். தலைமன்னாரிலிருந்து அம்மம்மா போனில் கேட்டார், "இப்ப எத்தினையாம் ஆண்டு பிள்ளை?"

"ஒன்னாம் வகுப்பு, அம்மம்மா."

"ஓ, ஆண்டு ஒண்டு" என்றார் என் அம்மா. குரல் கொஞ்சம் உடைந்தது. "கொப்பிக்கு உறை போட்டாச்சோ?"