ஒரே எழுத்தாளர், நாலு பெயர்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் மலேசியாவில் சொந்தம் உள்ள வீடுகள் நிறைய. பால்மரம் வெட்டிய தமிழர்களின் கதைகளைப் படித்தவர்கள், அதே ரப்பர் காட்டைச் சீனர்கள் எப்படி எழுதினார்கள் என்றும் தேட வேண்டும். ஒப்பிலக்கிய ஆய்வுக்கு நமக்கு இதைவிட நெருக்கமான வாசல் இல்லை. ஆனால் பலரும் நூலகப் பட்டியலிலேயே நின்றுவிடுகிறார்கள். காரணம், பெயர்.

1967இல் மலேசியாவின் ஜொகூரில் பிறந்து தைவானில் வாழும் சீன எழுத்தாளர் இங் கிம் சியூவின் கதைகளில் ரப்பர் தோட்டம் திரும்பத் திரும்ப வரும். 'இங்' அவர் குடும்பப்பெயரின் தென்சீன வட்டார உச்சரிப்பு. பொதுச் சீன மொழியான மாண்டரினில் அதே எழுத்து 'ஹுவாங்'. ஆகவே ஹுவாங் ஜின்ஷூ என்பவரும் இவரே! போதாததற்கு, தைவான் பதிப்புகள் கோடுகளைக் குறைக்காத பழைய முழுச் சீன எழுத்தில் வரும். மலேசியப் பதிப்புகள் பெரும்பாலும் கோடுகளைக் குறைத்து எளிதாக்கிய எழுத்தில். ஒன்றில் தேடினால் மற்றது பல பட்டியல்களில் சிக்காது.

நவீன சீன இலக்கியத்தின் முன்னோடி லூ சுன்னுக்கு வேறு சிக்கல். 1979க்கு முந்தைய பெய்ஜிங் ஆங்கிலப் பதிப்புகளில் 'சுன்' என்பது எச்-எஸ்-யூ-என், இப்போது எக்ஸ்-யூ-என். லூ சுன் என்பது புனைபெயர், இயற்பெயர் ஜோ ஷூரன். தம்பி ஜோ ஸுவோரனும் எழுத்தாளர் என்பதால் குழப்பம் சகஜம். நம் வழக்கப்படி தலைப்பெழுத்து போட்டு 'எல். சுன்' என்று சுருக்கவே கூடாது. சீனத்தில் குடும்பப்பெயர் முதலில் வரும். புனைபெயரைப் பிரிக்காமல் முழுதாக எழுதுங்கள்.

தமிழர்கள் மட்டும் செய்யும் பிழை ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் இசட்-எச் கண்டால் நமக்கு 'ழ' வாயில் வந்துவிடும். 'ஜாங்' என்பதை 'ழாங்' ஆக்கிவிடுவோம். உண்மையில் 'ழ'வுக்கு ஓரளவு பக்கத்தில் வருவது, அவர்கள் ஆர் போட்டு எழுதும் ஒலிதான்.

எனவே எழுத்தாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை போடுங்கள். எளிய எழுத்து, முழு எழுத்து, இன்றைய ரோமன் வடிவம், பழைய ரோமன் வடிவம், இருந்தால் வட்டார வடிவம், புனைபெயராயின் இயற்பெயர், பிறப்பு இறப்பு ஆண்டுகள். ஒரே ரோமன் வடிவில் வேறு வேறு ஆட்கள் வருவார்கள் என்பதால், ஆண்டு இல்லாத அட்டையை நம்ப முடியாது. தமிழ் எழுத்துக்கூட்டலைக் கடைசியில், உச்சரிப்பைக் காதால் கேட்ட பிறகு எழுதி, ஆய்வேடு முடியும்வரை மாற்றாதீர்கள்.