மேளம் இல்லாத சீர்

டெக்சஸ் வந்த புதிது. புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அம்மை கிம்மை போட்டிருக்குமோ என்று விசாரித்தால், "நாங்க வீட்லயே சொல்லிக்கொடுக்குறோம்" என்றாள் அவற்றின் அம்மா, சர்வசாதாரணமாக.

மேலூரில் இருக்கும் எங்கம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஏண்டி, ஃபீஸ் கட்ட முடியலையாமா?"

"கவர்மென்ட் பள்ளிக்கூடம்மா, ஃபீஸே கிடையாது."

"அப்புறம் எதுக்கு அந்தப் பொம்பளைக்கு இந்தத் தலையெழுத்து?"

இங்கே சட்டம் லேசு. வீட்டுக்கல்வியும் தனியார் பள்ளி மாதிரிதான் என்று 1994-லேயே மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமகனாக இருப்பது, இந்த ஐந்தும் பாடத்தில் இருக்க வேண்டும். பதிவு இல்லை, அரசுத் தேர்வும் இல்லை. பத்தாங்கிளாஸ் மார்க்கை வைத்து மாப்பிள்ளையையே எடைபோடுகிற ஊர்க்காரிக்குத் தலை சுற்றாதா?

நான் மகனை அரசுப் பள்ளியில்தான் சேர்த்தேன். அதோடு விட்டார்களா! புத்தகக் கண்காட்சிக்கு ஆள் வேண்டுமாம், வகுப்பில் வந்து கதை வாசிக்க வேண்டுமாம். டீச்சரைப் பார்க்கப் போனால் ரெண்டாங்கிளாஸ் நாற்காலி; முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தேன். "இந்த வருஷம் பையன் என்ன கத்துக்கணும்னு ஆசைப்படுறீங்க?" என்றார். அதையும் நானா சொல்ல வேண்டும்? எங்கப்பா என்னைச் சேர்த்துவிட்ட அன்று வாசலிலேயே நின்று, "கண்ண மட்டும் விட்டுட்டு எங்க வேணா அடிங்க சார்" என்றார். அதன்பிறகு அந்தப் பக்கம் தலைவைக்கவில்லை.

இப்போது எல்லாம் பழகிவிட்டது. கழுத்தில் வாலண்டியர் அட்டையோடு நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறேன். அடுக்கும்போதுதான் அக்கா அனுப்பிய வீடியோ மனசில் ஓடும். அவள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறாள். 2009 கல்விச் சட்டப்படி குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். வீடியோவில் கல்விச் சீர்; ஊரே சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குச் சாமான் வாங்கி, கல்யாணச் சீர் மாதிரி ஊர்வலமாகக் கொண்டுபோகிறார்கள். முன்னால் மேளம். பட்டுச்சேலைகளின் கையில் தாம்பாளம். வெற்றிலை பாக்கு, வாழைப்பழத்துக்கு நடுவில் சாக்பீஸ் டப்பா, சுவர்க்கடிகாரம், உலக உருண்டை. பின்னால் டாடா ஏஸில் ரோஸ் பேப்பர் சுற்றிய பீரோ. ஹெட்மாஸ்டர் சந்தனம் குங்குமத்தோடு சம்பந்தி கணக்காக வாசலில் நிற்கிறார். எங்கப்பா பார்த்திருந்தால் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கியிருப்பார்.

போன வாரம் மகன் வகுப்புக்குக் கம்பளம் வாங்க லிங்க் வந்தது. பணம் கட்டினேன், ரசீதும் மெயிலில் வந்தது. அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"மேளம் வைக்கலையா?" என்றாள்.