மீன்தொட்டியில் உண்மையில் எத்தனை லிட்டர் நீர் இருக்கிறது?

மீன்தொட்டியில் மருந்து கலக்க வேண்டி வரும்போது, தொட்டியை வாங்கிய நாளில் சொல்லப்பட்ட லிட்டர் கணக்கையே பலரும் நம்புகிறார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் கண்ணாடிப் பெட்டியின் வெளியளவுகளைப் பெருக்கி வந்தது. மீன்கள் நீந்தும் நீரின் அளவு அதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்று தெரியாமல் மருந்தளவை முடிவுசெய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் உள்ள தொட்டியின் வெளியளவு 182 லிட்டர். கண்ணாடியின் தடிமன் 8 மி.மீ. என்றால் உள்நீளம் 88.4, உள்ளகலம் 43.4 செ.மீ. ஆகிவிடும். அடிக்கண்ணாடியைக் கழித்து, நீரும் விளிம்புக்கு 4 செ.மீ. கீழே நிற்பதாகக் கொண்டால் நீரின் உயரம் 40.2 செ.மீ.தான். இப்போதே 154 லிட்டருக்கு இறங்கிவிட்டோம். இன்னும் சரளைக்கல்லைக் கணக்கில் எடுக்கவில்லை.

சரளையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 5 செ.மீ. உயரத்துக்குப் பரப்பிய சரளை 19 லிட்டர் இடத்தைப் பிடித்தாலும், கற்களுக்கு இடையிலுள்ள நீரும் அதில் அடக்கம் என்பதால் முழுவதையும் கழிக்கக் கூடாது. ஒரு லிட்டர் குவளையில் உலர்ந்த சரளையை விளிம்புவரை நிரப்பி, அளந்த நீரை மெதுவாக ஊற்றி, காற்றுக்குமிழிகள் வெளியேறும்படி குவளையைத் தட்டிக்கொண்டே வந்தால், வழியும் முன் எவ்வளவு நீர் உள்ளே போனது என்பது தெரிந்துவிடும். 400 மி.லி. போயிருந்தால் கல்லின் பங்கு 600 மி.லி.; அந்த விகிதப்படி தொட்டியிலுள்ள சரளை 11.5 லிட்டர் நீரை வெளியேற்றியிருக்கும். பாறைகளை, தளும்ப நிரப்பிய வாளியில் அமிழ்த்தி, வழிந்த நீரை அளந்தால் போதும். அவை 5 லிட்டர் என்றால் மிஞ்சுவது ஏறக்குறைய 138 லிட்டர்.

182 லிட்டருக்கான மருந்தை இதில் ஊற்றினால் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். செப்பு கலந்த மருந்துகளில், நோயைத் தீர்க்கும் அளவுக்கும் மீனைக் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. (இறால், நத்தை உள்ள தொட்டியில் அவற்றைச் சேர்க்கவே கூடாது.) தொட்டிக்கு வெளியே பொருத்திய வடிகட்டி இருந்தால், அதற்குள் ஓடும் நீரையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

புதிதாக நிரப்புபவர்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. அளவுக்குவளையால் 10 லிட்டர் ஊற்றி வாளியில் கோடு போட்டுக்கொண்டு, கல்லும் மரக்கட்டையும் வைத்து முடித்த தொட்டியில் வாளி வாளியாக எண்ணி ஊற்றுவதைவிட நம்பகமான முறை வேறில்லை. ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலும் ஒரு சோதனை செய்யலாம்: நீர் மாற்றும் நாளில் 10 லிட்டர் எடுத்தால், மேற்சொன்ன தொட்டியில் மட்டம் 2.6 செ.மீ. இறங்க வேண்டும்; அதைவிடக் கூடுதலாக இறங்கினால், அந்த உயரத்தில் பாறையோ கட்டையோ இடத்தை அடைத்திருக்கிறது என்று பொருள்.

கிடைத்த அளவையும் அதற்குரிய நீர்மட்டத்தையும் கண்ணாடியின் வெளிப்புறத்தில் குறித்து வைத்து, மருந்து ஊற்றும் முன் ஆவியாகிக் குறைந்த நீரை அந்தக் கோடு வரை நிரப்பிக்கொள்ளுங்கள்.